உத்தமதானபுரத்துச் சாமா

தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் நம் குடியிருப்பின் லிஃப்டில் ஏறினாலே விஷயம் தெரிந்துவிடும். சில பெற்றோர் கதவு மூடுவதற்குள் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுவார்கள். சிலர் தங்கள் மாடி வரும்வரை எண் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இரண்டாவது வகையினரையும் அவர்கள் பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் இந்தக் காலாண்டு இதழுக்கு உ.வே.சாமிநாதையரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

பெயர் உங்களுக்குப் புதிதல்ல. தமிழ்த் தாத்தா, தலைப்பாகை, சங்க நூல்களைப் பதிப்பித்தவர் என்று பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு நாம் எல்லோருமே எழுதியிருக்கிறோம். ஆனால் அவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்பதையும், இருபத்தைந்து வயதில் வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைத்திருந்த நேரத்தில் ஒரு மனிதர் அவரை உட்காரவைத்து இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டார் என்பதையும் அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் அடக்க முடியாது.

கும்பகோணம் சாலையில் பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது உத்தமதானபுரம். அந்த ஊர் உண்டான கதையே வேடிக்கையானது. தஞ்சாவூர் அரசர் ஒருவர் ஏகாதசி அன்று மறந்துபோய் வெற்றிலை போட்டுக்கொண்டாராம். அதற்குப் பிராயச்சித்தமாக நாற்பத்தெட்டு வீடுகள் கட்டி, நிலத்தோடு தானம் கொடுத்து உண்டாக்கிய அக்கிரகாரம்தான் அது என்று சாமிநாதையரே எழுதிவைத்திருக்கிறார். அவர் பிறந்தது அம்மாவின் பிறந்த ஊரான சூரியமூலையில், 1855 பிப்ரவரி 19 அன்று. வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் சாமிநாதன் என்றும், செல்லமாகச் சாமா என்றும் கூப்பிட்டார்கள்.

அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உடையார்பாளையம் ஜமீனில் இருந்த கனம் கிருஷ்ணையரிடம் கற்றவர். கற்றது பெரிய கல்வி. வருமானம் மட்டும் நிலையாக இல்லை. ஊர் ஊராகப் போய் இராமாயணம் சொல்வார். கேட்டவர்கள் நெல்லோ பணமோ கொடுப்பார்கள். ஆதரவு இருக்கும்வரை அந்த ஊர், குறைந்தால் அடுத்த ஊர் என்று குடும்பமும் கூடவே நகரும். அரியலூர், குன்னம், கார்குடி என்று சாமாவின் பள்ளிப்பருவம் முழுக்க மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே போயிற்று. ஓர் ஆசிரியரிடம் நன்னூல் தொடங்குவார், அதற்குள் ஊர் மாறிவிடும். வேலை மாற்றலாகி வந்து, குழந்தைக்குப் புதுப் பள்ளி தேடி அலைந்த நம் குடியிருப்புக்காரர்களுக்கு இந்தச் சிரமம் புரியும்.

இதற்கிடையில் உறவினர்களின் யோசனை வேறு. இங்கிலீஷ் படித்தால் இந்த உலகத்தில் பிழைக்கலாம், சமஸ்கிருதம் படித்தால் அந்த உலகத்துக்கு உதவும், தமிழால் என்ன கிடைக்கும் என்று கேட்டார்கள். அப்பாவுக்கோ மகன் சங்கீதம் கற்க வேண்டும் என்று ஆசை. சாமாவுக்குத் தமிழைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. கடைசியில் செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என்ற ஆசிரியர்தான் உண்மையைச் சொன்னார்: இனிமேல் எங்களைப் போன்றவர்களிடம் படித்துப் பயனில்லை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனால்தான் உண்டு.

1871இல், பதினாறு வயதில், அப்பாவோடு மாயவரம் போனார் சாமா. அதற்குள் அவருக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது; கல்யாணக் கடனும் இருந்தது. பிள்ளையவர்கள் உடனே சேர்த்துக்கொண்டுவிடவில்லை. வருகிறவர்கள் சில மாதம் இருந்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுகிறார்கள் என்பது அவருடைய அனுபவம். அந்தக் காலத்து வழக்கப்படி பிராமணப் பையன் அவர் வீட்டில் சாப்பிடவும் முடியாது. சாப்பாட்டுக்கு வேறு வீட்டில் ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். கடன்பட்ட குடும்பம் எப்படியோ அதையும் செய்தது. சாமிநாதன் என்ற பெயரையே நிலையாக்கியவர் பிள்ளையவர்கள்தான்.

இடையில் அம்மை கண்டு சூரியமூலையில் படுத்துக் கிடந்தார். கல்யாணக் கடனை அடைப்பதற்காக அப்பாவும் மகனுமாகக் காரை என்ற ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் படிப்பு அறுந்தது, ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். 1876 பிப்ரவரி 1 அன்று ஆசிரியர் இறந்தபோது அருகில் திருவாசகம் படித்துக்கொண்டிருந்தவர் இந்த மாணவர்தான். பிறகு திருவாவடுதுறை ஆதீனத்தின் சுப்பிரமணிய தேசிகர் அவரை மடத்திலேயே வைத்துக்கொண்டார்.

1880 பிப்ரவரியில் கும்பகோணம் அரசினர் கல்லூரியின் தமிழ்ப் பண்டிதர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் பிள்ளையவர்களின் மாணவர். தமக்குப் பிறகு அந்த இடத்துக்குச் சாமிநாதையர்தான் வர வேண்டும் என்று தாமே முயன்று அமர்த்தினார். மாதச் சம்பளம் 50 ரூபாய். நெல்லும் கடனுமாக வாழ்ந்த குடும்பத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காவிரிக் கரையில் கல்லூரி, மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் மரியாதை. பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் வீடு வாங்கியபோது அதற்குத் தியாகராச விலாசம் என்று பெயர் வைத்தார் சாமிநாதையர். தமக்கு வேலை வாங்கிக்கொடுத்தவரை அவர் மறக்கவில்லை.

பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் இந்த இடத்தில் முடியும். ஏழைப் பையன் கஷ்டப்பட்டுப் படித்தான், அரசு வேலை கிடைத்தது, சுபம். உண்மையில் சாமிநாதையரின் கதை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

அதே ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தார். நன்றாகப் படித்தவர், தமிழில் ஈடுபாடு உள்ளவர். அக்டோபர் 21 அன்று, மரியாதைக்காக அவரைப் பார்க்கப் போனார் சாமிநாதையர். யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார் முதலியார். பிள்ளையவர்களின் பெயரைச் சொன்னால் முகம் மலரும் என்று எதிர்பார்த்துச் சொன்னார். மலரவில்லை. என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்கள் என்று பெரிய பட்டியலாகச் சொன்னார். பத்து வருட உழைப்பு அது. இதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்பது போலக் கேட்டுவிட்டார் முதலியார். பழைய நூல்கள் ஏதாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார்.

அவர் படித்திருக்கவில்லை. அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. அன்றைக்குத் தமிழ் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நூல்களைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கி வந்தவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. இந்த முன்சீப்புக்குத் தமிழ் இலக்கியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கோபித்துக்கொண்டு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கலாம். 50 ரூபாய் சம்பளம் நின்றிருக்காது, யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அவரோ திரும்பவும் முதலியார் வீட்டுக்குப் போனார். முதலியாரிடம் சிந்தாமணிப் பிரதி ஒன்று இருந்தது. அதை வாங்கிக்கொண்டு வந்து படிக்க உட்கார்ந்தார். ஊரே வித்துவான் என்று சொல்லும் கல்லூரி ஆசிரியர், முதல் பக்கத்திலேயே தடுமாறினார்.

தடுமாற்றத்துக்குக் காரணங்கள் இருந்தன. சிந்தாமணி சமணக் காப்பியம். அதில் வரும் சமயச் சொற்கள், சடங்குகள், உலகத்தைப் பற்றிய கணக்கு எதுவும் சைவ மடத்தில் வளர்ந்தவருக்குப் பழக்கமில்லை. நச்சினார்க்கினியரின் உரையோ, பெயர் சொல்லாமலே வேறு நூல்களிலிருந்து அடிகளை எடுத்துக் காட்டிக்கொண்டே போகிறது. அந்த நூல்கள் எவை, எங்கே இருக்கின்றன என்று சொல்ல ஆளில்லை.

ஓலைச்சுவடியை வாசிப்பதே தனி வித்தை. நாம் அச்சில் பார்க்கும் தமிழ் அல்ல அது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். பாட்டு வரி வரியாகப் பிரியாமல், உரைநடை போல ஓலை முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓரம் ஒடிந்திருக்கும், நடுவில் பூச்சி அரித்திருக்கும். ஒரே நூலுக்குப் பல பிரதிகளைத் தேடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் தங்கள் கையில் உள்ள பிரதியோடு ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். கல்லூரி நேரம் போக, காலையிலும் இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் பல ஆண்டுகள் நடந்த வேலை இது.

சமணச் சொற்கள் புரியாதபோது அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கும்பகோணத்தில் இருந்த சமணர்களின் வீடுகளைத் தேடிப் போனார். அங்கே சிந்தாமணி நூலகத்துப் பொருள் அல்ல, வீட்டில் படித்துக் கேட்டு, படித்து முடித்ததைக் கொண்டாடும் நூல். தமக்குத் தெரியாததை வெட்கப்படாமல் கேட்டார், அவர்களும் மனம் கோணாமல் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் மணிமேகலைக்காகப் பௌத்தம் தெரிய வேண்டியிருந்தபோது, அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்த மளூர் ரங்காசாரியாரிடம் போய் மாணவர் போல உட்கார்ந்தார். பட்டம் வாங்கிய பிறகு, சம்பளம் வாங்கிய பிறகு, மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தெரியவில்லை என்று சொல்வது பட்டினியைத் தாங்குவதைவிடக் கடினம். இதைப் படிக்கும் நடுவயதுக்காரர்களுக்கு அது தெரியும்.

எல்லாரும் உதவினார்கள் என்று நினைக்காதீர்கள். சைவ மடத்தில் வளர்ந்தவர் சமண நூலை அச்சிடலாமா என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. தஞ்சாவூரில் சமணர் ஒருவரிடமிருந்த பிரதியை வாங்க, சமணரல்லாதவருக்குக் கொடுப்பதா என்ற தயக்கத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. அச்சிடக் கையில் பணமில்லை. முன்கூட்டியே கையொப்பம் சேர்த்து, பலரிடம் உதவி கேட்டு, விடுமுறையில் சென்னைக்குப் போய் அச்சுக்கூடத்தில் காத்திருந்து, 1887இல் சீவக சிந்தாமணியை முழுமையாக உரையோடு வெளியிட்டார். முதலியாரைச் சந்தித்து ஏழு வருடம் ஆகியிருந்தது.

வெளியானதும் கண்டனத் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. பிழைகளைப் பட்டியலிட்டார்கள். சாமிநாதையருக்கு மனம் நொந்துபோயிற்று. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையரிடம் காட்டினார். அவர் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். பதில் எழுதத் தொடங்கினால் அதற்கு ஒரு மறுப்பு வரும், அதற்கும் பதில் எழுத வேண்டிவரும், செய்ய வேண்டிய வேலை நின்றுவிடும் என்பது அவருடைய கருத்து. சாமிநாதையர் கேட்டுக்கொண்டார். நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கார் நிறுத்தும் இடம் பற்றிய விவாதம் நள்ளிரவு தாண்டியபோது எனக்கு சாது சேஷையரின் ஞாபகம்தான் வந்தது.

1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இப்படி வருடங்களைச் சொன்னால் சுலபமாக வந்துவிட்டது போலத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாட்டுவண்டிப் பயணங்கள் இருக்கின்றன.

பத்துப்பாட்டுக்காகத் திருநெல்வேலிச் சீமைக்குப் போனவர், ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீடு வீடாகத் தேடினார். கிடைக்கவில்லை. அன்றிரவு திருவிழா. வீதியில் பெருமாள் எழுந்தருளும்போது மனமுருகி வேண்டிக்கொண்டு நின்றவரிடம், கவிராயர் ஒருவர் ஒரு சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலா வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்த்தார். பத்துப்பாட்டு.

எல்லா ஊரிலும் இப்படி நடக்கவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட வேண்டும் என்று சாஸ்திரம் சொல்வதாக நம்பி, அப்படியே செய்து முடித்துவிட்டிருந்தார்கள். வேறு சிலர் ஆடிப்பெருக்கில் வெள்ளத்தோடு விட்டதாகச் சொன்னார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பக்தியோடுதான் செய்தார்கள். பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரியிலோ கல்லணைக் கால்வாயிலோ காதோலை கருகமணி விடும் நமக்கு, அந்த வெள்ளத்தோடு எந்தப் புலவனின் பாட்டு போயிற்றோ என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் தாத்தா வீட்டை விற்றபோது பரணில் ஓர் ஓலைக்கட்டு இருந்தது. அப்போது நான் கல்லூரி மாணவன். ஏதோ பழைய கணக்கு என்றார்கள். வெந்நீர் அடுப்பில் சுள்ளியோடு சேர்த்துப் போட்டோம், நன்றாக எரிந்தது. கணக்காகவே இருந்திருக்கலாம். நான் ஓர் ஓலையைக் கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

சாமிநாதையர் பிந்திவிட்ட இடங்களை நீங்கள் இன்றும் அச்சுப் புத்தகத்திலேயே பார்க்கலாம். புறநானூற்றில் 266ஆம் பாட்டுக்குப் பிறகு 269தான் இருக்கும். நடுவிலுள்ள இரண்டும் கிடைக்கவில்லை. 1904இல் அவர் வெளியிட்ட பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடையாது. 1918இல் வந்த பரிபாடல் எழுபது பாட்டுகள் கொண்டதாகச் சொல்லப்படும் நூல், முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. கிடைத்ததைக் கொண்டாடும்போது இந்த வெற்றிடங்களையும் பாருங்கள். அவர் ஏன் அவ்வளவு அவசரமாக ஊர் ஊராக ஓடினார் என்பது அப்போதுதான் தெரியும். கறையானுக்கும் ஈரத்துக்கும் எதிராக ஓர் ஆள் ஓடிய ஓட்டம் அது.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். (அடுத்த ஆண்டு அதே கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் தேறாமல் உதவித்தொகையை இழந்த ஒரு பையன் உண்டு. பெயர் இராமானுஜன். அது வேறொரு காலாண்டுக்கு.) 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் எல்லாம் வந்தன. 1919இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் சுவடியிலிருந்து ஓய்வு பெறவில்லை. குறுந்தொகையை அவர் வெளியிட்டது 1937இல். அப்போது வயது எண்பத்திரண்டு.

எண்பத்தைந்தை நெருங்கும்போது தம் வாழ்க்கையை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கினார். என் சரித்திரம் என்று பெயர். உத்தமதானபுரத்து வெற்றிலைக் கதை முதல் எல்லாம் அதில் இருக்கிறது. போர்க்காலத்தில் சென்னையில் குண்டு விழும் என்ற பயத்தில் பலர் வெளியேறியபோது குடும்பம் அவரைத் திருக்கழுக்குன்றத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கேயே 1942 ஏப்ரல் 28 அன்று காலமானார். கதை அவர் கும்பகோணத்தில் இருக்கும்போதே நின்றுவிடுகிறது, சென்னைக்கு வந்து சேரவில்லை. அவர் சேர்த்த சுவடிகள் சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூல் நிலையத்தில் இருக்கின்றன.

உத்தமதானபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. கும்பகோணம் போகும் வழியில் பாபநாசத்தில் திரும்பினால் போதும். பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். யாராவது முன்வந்தால் சங்கத்தின் சார்பில் ஒரு வேனே ஏற்பாடு செய்யலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். நம்மில் பலருக்கு இன்னும் கிராமத்தில் பூட்டிய வீடு ஒன்று இருக்கிறது. விற்கவோ இடிக்கவோ போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பு பரணில் ஏறிப் பாருங்கள். ஓலைக்கட்டு கிடைத்தால் நீங்களே துடைக்கவோ கழுவவோ வேண்டாம், கயிற்றை இழுத்து அவிழ்க்கவும் வேண்டாம். அப்படியே ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். நம் ஊரிலேயே சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது, தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. வாசித்துச் சொல்ல ஆள் உண்டு. துணைக்கு யாராவது வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், நான் ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்.